எந்தச் சபை?

தஞ்சோங் மாலிமில் பெர்னாம் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் சிலாங்கூர். இந்தப் பக்கம் பேராக். 1955இல் மலாக்கா மறைமாவட்டத்திலிருந்து பினாங்கும் கோலாலம்பூரும் தனி மறைமாவட்டங்களாகப் பிரிந்தபோது மாநில எல்லையே திருச்சபைக்கும் எல்லையாயிற்று. எங்கள் தோட்டம் வடகரையில். அத்தை குடும்பம் தென்கரையில், கலும்பாங் பக்கம். எனக்கு உறுதிபூசுதல் கொடுத்தவர் பினாங்கு ஆயர், அத்தை மகனுக்குக் கோலாலம்பூர் ஆயர் தொமினிக் வெண்டர்கான். ஒரே லயத்தில் பிறந்து வளர்ந்த அண்ணன் தங்கை பிள்ளைகள் நாங்கள்.

பங்குச் சாமியாரின் பொறுப்பு பாலத்தோடு முடிந்துவிடும். துறவற சபைகளுக்கு அந்தப் பாலம் ஒரு பொருட்டில்லை. அவர்களுடைய வரைபடமே வேறு. அந்தக் காலத்தில் ஈப்போவில் கணக்குப் பாடம் நடத்துகிற லசால் பிரதரை அடுத்த ஆண்டு கோலாலம்பூருக்கு மாற்றுவார்கள், அதற்கடுத்து சிங்கப்பூருக்கு. கான்வென்ட் சிஸ்டரும் அப்படித்தான். ஒரு மறைமாவட்டத்துக்குள் வீடு திறக்கவும் போதிக்கவும் அந்த ஊர் ஆயரின் அனுமதி வேண்டும். ஆனால் வீட்டுக்குள் எப்படி ஜெபிப்பது, யார் எங்கே போவது, எப்போது எழுவது என்பதெல்லாம் சபையின் காரியம். இந்த இரண்டு அதிகாரங்களும் உரசாமல் இருந்ததில்லை. 1978இல் ஆயர்களுக்கும் துறவிகளுக்கும் இடையிலான உறவைப் பற்றி உரோமிலிருந்து ஒரு தனி ஆவணமே வந்தது என்றால் உரசல் எவ்வளவு பரவலாக இருந்திருக்க வேண்டும்.

தோட்டத்து ஜனங்களுக்கு இந்த வித்தியாசமெல்லாம் தெரியாது என்று படித்தவர்கள் நினைத்துக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் நன்றாகவே தெரியும். தாத்தா கும்பகோணம் பக்கத்திலிருந்து வந்தவர், பாட்டி திருச்சிப் பக்கம். கும்பகோணம் 1899இல் பாண்டிச்சேரியிலிருந்து பிரிந்த மறைமாவட்டம், பாரிஸ் வேதபோதக சபைக் குருக்களின் கையில் இருந்தது. திருச்சி இயேசு சபையாரின் கையில். பாட்டிக்கு அருளானந்தர் என்றால் உயிர். 1693இல் அவர் தலை வெட்டுண்ட ஓரியூரின் செம்மண்ணைத் துணியில் முடிந்து, கப்பலில் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தாள். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் கண்டால் அதைத் தண்ணீரில் கரைத்து நெற்றியில் பூசுவாள். தாத்தாவுக்கு இது பிடிக்காது. "எங்க சாமிமாரு மண்ணுல நம்பிக்கை வைக்கச் சொல்லல" என்பார். "ஒங்க சாமிமாரு நேத்து வந்தவங்க" என்று பாட்டி திருப்பிக் கொடுப்பாள்.

அந்தச் சண்டைக்குப் பின்னால் இருநூறு ஆண்டு வரலாறு இருந்தது என்பதைப் பெரியவனான பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 1773இல் பாப்பரசர் இயேசு சபையையே கலைத்துவிட்டார். மூன்று ஆண்டுகளில் அவர்களுடைய தமிழ்நாட்டுப் பணி பாரிஸ் குருக்களிடம் போனது. 1814இல் சபை மீண்டும் உயிர் பெற்றது. 1838இல் அவர்கள் மதுரைக்குத் திரும்பினார்கள். போர்ச்சுகல் அரசருக்குப் பாப்பரசர்கள் கொடுத்திருந்த பழைய உரிமையைப் பிடித்துக்கொண்டு கோவாவிலிருந்து வந்த குருக்கள் இன்னொரு பக்கம். ஒரே ஊரில் இந்தக் கோயிலுக்குப் போகிறவன் அந்தக் கோயிலுக்குப் போக மாட்டான் என்கிற நிலை பல இடங்களில் இருந்தது. அதற்கும் முன்னால் இயேசு சபையார் தமிழ் வழக்கங்களை ஏற்றுக்கொண்டது சரியா தவறா என்று கப்புச்சின் துறவிகளோடு பாண்டிச்சேரியில் மூண்ட வழக்கு உரோம் வரை போய், 1744இல் பதினான்காம் பெனடிக்ட் பாப்பரசரின் ஆணையில்தான் ஓய்ந்தது.

போர்ச்சுகல் உரிமையால் வந்த அந்தப் பிரிவினை கடல் கடந்து இங்கேயும் இருந்தது. மலாக்காவில் 1710இல் கட்டிய புனித இராயப்பர் கோயில் போர்ச்சுகீசிய மிஷனுடையது. அங்கிருந்து நடக்கும் தூரத்தில் 1849இல் பிரெஞ்சுக் குரு எழுப்பிய சவேரியார் கோயில். ஒரே ஊர், ஒரே விசுவாசம், ஆனால் ஒன்று மக்காவ் ஆயரின் கீழ், மற்றது உள்ளூர் ஆயரின் கீழ். சிங்கப்பூரிலும் இதே கதை. 1981இல்தான் இந்த இரட்டை ஆட்சி முழுதாக முடிந்தது. எனக்கு அப்போது கல்யாணமாகி மூத்தவள் பிறந்துவிட்டாள். அவ்வளவு அண்மைக் காலம் அது.

என் பிள்ளைப் பருவத்தில் தோட்டத்துக்கு வந்த சாமி பிரெஞ்சுக்காரர், பாரிஸ் சபைக்காரர். மாதத்துக்கு ஒரு தடவை ஆயாக்கொட்டகையில் பூசை வைப்பார். தொட்டில்களை ஓரமாகத் தள்ளிவிட்டு, கிராணி வீட்டு மேசையைக் கொண்டுவந்து போட்டு, வெள்ளைத் துணி விரிப்போம். பால் வாடையும் மூத்திர வாடையும் சாம்பிராணியும் கலந்த காற்றில்தான் நான் நற்கருணை வாங்கப் படித்தேன். சாமிக்குத் தமிழ் நன்றாக வரும். 'ழ' மட்டும் வராது. இந்தச் சபையைப் பற்றிப் பலருக்கும் தெரியாத ஒன்று, இது துறவற சபையே அல்ல. 1658இல் தொடங்கிய குருக்களின் சங்கம் அது. துறவிகளுக்குரிய வார்த்தைப்பாடு அவர்களுக்கு இல்லை. சொந்த நாட்டை விட்டுப் போய், போன இடத்தில் உள்ளூர்க் குருக்களை உருவாக்கிவிட்டு ஒதுங்கிக்கொள்வதுதான் நோக்கம். பினாங்கின் பொதுக் குருமடம் 1808 முதல் அவர்கள் நடத்தியது. பாகான் செராயில் தமிழ்க் கத்தோலிக்கருக்கென்று காட்டைத் திருத்தி சூசைப்பாளையம் என்ற குடியிருப்பை அமைத்த ஃபே சாமியும் அந்தச் சபைக்காரர்தான். 1896இல் அவர் மலாக்கா ஆயரானார்.

அவர்கள் நிரந்தரமாக இருப்பவர்கள். தியானம் கொடுக்க வருகிறவர்கள் வேறு. ஈப்போவில் இரட்சகர் சபைச் சாமியார்களின் மடம் இருந்தது, சகாய மாதா கோயிலும் அவர்களுடையது. 1732இல் இத்தாலியில் அல்போன்ஸ் லிகோரியார் இந்தச் சபையைத் தொடங்கியதே மலைப்பக்கத்து ஆட்டிடையர்களுக்குப் போதிக்க ஆளில்லை என்பதற்காக. ஒரு வருடம் தவக்காலத்தில் தமிழ் பேசும் இரட்சகர் சபைச் சாமியார் ஒருவர் எங்கள் பக்கம் தியானம் கொடுக்க வந்தார். ஒரு வாரம் முழுக்கத் தோட்டமே அவர் பின்னால் போனது. இரவில் பெட்ரோமாக்ஸ் விளக்கடியில் பிரசங்கம். கள்ளுக்கடைக்குப் போகிற ஆண்கள் முன்வரிசையில் உட்கார்ந்து அழுதார்கள். பாவசங்கீர்த்தனத்துக்கு நள்ளிரவு வரை வரிசை. பல வருடமாகப் பேசாமலிருந்த இரண்டு பங்காளிகள் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

அவர் போன பிறகு பிரெஞ்சுச் சாமிக்கு மனசு சரியில்லை. அடுத்த பூசைக்கு வந்தவர் உபதேசியாரிடம் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். "அவர்கள் முதல் வெட்டுப் போட்டு மரத்தைத் திறந்துவிட்டுப் போய்விடுவார்கள். நாளைக்கும் நாளன்றைக்கும் வந்து பால் எடுக்கிறவன் நான்தான்." உபதேசியார் பால் மரத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர். அவர் நிதானமாகப் பதில் சொன்னார். "திறக்கத் தெரியாதவன் திறந்தா மரம் கெட்டுப்போவும் சாமி. அதுக்குன்னு ஆளு தனிதான்." சாமி சிரித்துவிட்டு, அடுத்த வருடமும் அந்தச் சபைக்கே எழுதிப் போட்டார். சபைகளின் ஒற்றுமையைப் பற்றி நான் படித்த எந்தக் கட்டுரையும் இந்தப் பேச்சுக்கு மேல் எனக்கு எதையும் சொன்னதில்லை.

எங்கள் வட்டாரத்தில் பெரிய பள்ளி மெத்தடிஸ்ட் பள்ளிதான். அங்கே ஐந்தாம் படிவம் முடித்து, ஆறாம் படிவத்துக்கு ஈப்போ செயின்ட் மைக்கேல்ஸ் போனேன். ரயிலில் சிலிம் ரிவர், தாப்பா ரோடு, கம்பார், பத்து காஜா என்று ஒவ்வொரு நிலையமாக எண்ணிக்கொண்டு போவேன். சிலிபினில் லூர்து மாதா கோயிலுக்குப் பக்கத்தில் மாமா வீடு, அங்கே தங்கல். லசால் பிரதர்கள் 1912இல் தொடங்கிய பள்ளி அது. என்னைச் சேர்க்க வந்த அம்மா, வெள்ளை அங்கியும் கழுத்தில் இரண்டு வெள்ளைப் பட்டையுமாக வந்த பிரதரைப் பார்த்து, "தோத்திரம் சாமி" என்று முழங்கால் மடக்கப் போனாள். பிரதர் அவள் கையைப் பிடித்து நிறுத்தி, "நான் சாமியார் இல்லைம்மா, வாத்தியார்" என்றார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அம்மாவுக்கு அதே யோசனை. பூசை வைக்க மாட்டாராம், கல்யாணமும் கட்ட மாட்டாராம், பின்னே எதுக்காம்?

எதற்கு என்று அந்தப் பிரதர்களைப் பார்த்தே கற்றுக்கொண்டேன். ஒவ்வொரு பாடம் தொடங்கும்போதும் ஒரு நிமிடம் நிறுத்தி, கடவுள் இங்கே இருக்கிறார் என்று நினைவூட்டுவார்கள். அவ்வளவுதான் பிரசங்கம். வகுப்பில் பாதிப்பேர் சீனர், கொஞ்சம் மலாய்க்காரர், கொஞ்சம் தமிழர், சில பஞ்சாபிகள். யாரையும் கோயிலுக்கு இழுத்ததில்லை. என் பௌதிகப் பரிசோதனைக் குறிப்பேட்டில் ஒவ்வொரு பக்கமும் சிவப்பு மையில் திருத்தியிருக்கும், பென்சில் கோடு வளைந்திருந்தால் அதுகூட. அங்கியின் வலது கை முழங்கை வரை சுண்ணாம்புத் தூள். குருவாகாமல் இருப்பதுதான் தங்கள் சபையின் உறுதி என்று ஒரு பிரதர் எனக்கு விளக்கினார். குருவானால் பீடம் கூப்பிடும், ஆயர் கூப்பிடுவார், பங்கு கூப்பிடும், பிள்ளைகளுக்கு முழு ஆளாகக் கிடைக்க மாட்டான் என்று சபையைத் தொடங்கிய ஜான் பாப்டிஸ்ட் டி லசால் கருதினாராம்.

லசாலின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியில் லசால் சீடர் மட்டுமே. பணக்கார வீட்டுப் பிள்ளை, ரெய்ம்ஸ் பேராலயத்தில் பதவி வகித்த குரு. 1680 வாக்கில் ஏழைப் பையன்களுக்கான பள்ளிகளுக்கு உதவப் போய் மாட்டிக்கொண்டார். வாத்தியார்களுக்கு என்ன செய்வது என்று தெரியாமல் ஒருவரிடம் ஆலோசனை கேட்டார். அவர் நிக்கோலா பாரே, மினிம் சபைத் துறவி. அந்த வாத்தியார்களை உன் வீட்டிலேயே கூட்டி வைத்துக்கொள், உன் சொத்தை விடு, பதவியை விடு என்று பாரே சொன்னார். லசால் 1683இல் பதவியை விட்டார், அடுத்த பஞ்சத்தில் சொத்தையும் ஏழைகளுக்குக் கொடுத்து முடித்தார். இதே பாரேதான் 1666இல் ரூவானில் பெண் ஆசிரியைகளைத் திரட்டியவர். அந்தப் பெண்களின் வழியில் வந்தவர்கள்தான் குழந்தை இயேசு சபை சிஸ்டர்கள். 1852இல் பிரதர்களும் பினாங்குக்கு வந்தார்கள், சிஸ்டர்களும் அதே ஆண்டு வந்தார்கள். ஈப்போவில் 1907இல் மெயின் கான்வென்ட், ஐந்து ஆண்டுகளில் செயின்ட் மைக்கேல்ஸ். ஆக மூன்றாவது சபைத் துறவி ஒருவர் தன் சபைக்கு ஆள் தேடாமல் இரண்டு வேறு சபைகள் பிறக்கக் காரணமானார். பாரேவின் மினிம் சபையை ஈப்போவில் யாருக்கும் தெரியாது. அவர் நட்டது ஊர் முழுக்க நிற்கிறது.

அக்கா அந்தக் கான்வென்டில் படித்தவள். எழுபதுகளின் கடைசியில் மடத்துக்குப் போக வேண்டும் என்று சொன்னபோது வீட்டில் புயல். அப்பா பிரட்டுக்கு ஒரு நாளும் தப்பாத மனிதர், சத்தம் போட்டுப் பேச மாட்டார். இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு மூன்றாம் நாள் கேட்டார்.

"எந்த மடம்?"

"தெரியலப்பா. பாக்கணும்."

"எல்லாரும் ஒரே சாமியத்தானே கும்பிடறாங்க. எங்க போனா என்ன?"

"எல்லா வேலையும் ஒருத்தியால செய்ய முடியாதுப்பா. எனக்கு எது முடியும்னு பாக்கணும்."

பார்க்கத் தொடங்கினாள். இறையழைத்தல் ஞாயிறன்று ஒரு கோயில் மண்டபத்தில் சபைக்கு ஒரு மேசை போட்டு, படங்களும் துண்டுத்தாள்களும் பரப்பி வைத்திருந்தார்கள். நானும் துணைக்குப் போனேன். ஒரு மேசையில் இருந்த சிஸ்டர் அடுத்த மேசையைக் கண்ணால் காட்டி, "அங்கே போனால் கடைசிவரை வேலைக்காரி வேலைதான், உன்னைப் போலப் படித்த பெண்ணுக்கு இங்கேதான் இடம்" என்றார். எந்தச் சபை என்று சொல்லப்போவதில்லை. அக்காவின் முகம் கறுத்துப் போனது. இன்னொரு மடத்தில் ஒரு வாரம் தங்கிப் பார்த்தாள். சாப்பாட்டு மேசையில் ஆங்கிலம் மட்டும்தான் பேச வேண்டுமாம். ஒற்றுமைக்காகவாம். இரவு ஜெபத்தில் யாருக்காக மன்றாடுகிறோம் என்று அவரவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அக்காவுக்குச் சொல்ல வந்ததெல்லாம் தமிழில்தான் வந்தது. ஒரு வாரமும் ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்தாள். எல்லாரையும் ஒரே அச்சில் வார்ப்பதை ஒற்றுமை என்று சொல்லிக்கொள்கிற மடங்களைப் பற்றி எனக்கு இன்றும் கோபம் உண்டு. சபைகள் பல இருப்பதற்கு மனிதர்கள் பலவிதமாக இருப்பதும் ஒரு காரணம். அதை ஒரு வீட்டுக்குள்ளேயே மறந்துவிட்டால் எப்படி?

பெட்டாலிங் ஜெயாவில் அசுந்தா மருத்துவமனை நடத்திய பிரான்சிஸ்கன் சிஸ்டர்களையும் பார்த்தாள். 1954இல் தொடங்கிய மருத்துவமனை. சீனாவுக்குப் பணியாற்றப் போய் 1905இல் காய்ச்சலில் இறந்த இளம் இத்தாலியச் சிஸ்டர் அசுந்தாவின் பெயர் அதற்கு. அந்தச் சபை பிறந்தது நம் உதகமண்டலத்தில் என்று அங்கேதான் அக்காவுக்குத் தெரியவந்தது. மதுரை மிஷனில் மரிய பரிகாரச் சபையில் தலைவியாக இருந்த எலேன் தெ சப்போத்தான் என்ற பிரெஞ்சுப் பெண்ணும் அவரோடு பத்தொன்பது சிஸ்டர்களும் பெரும் மனக்கசப்புக்குப் பிறகு 1876இல் சபையை விட்டு வெளியேறி ஊட்டிக்குப் போனார்கள். 1877 சனவரியில் உரோம் புதிய சபைக்கு அனுமதி கொடுத்தது. பிளவுதான், மறைத்துப் பேச ஒன்றுமில்லை. எலேன் 2002இல் அருளாளராக உயர்த்தப்பட்டார். வெளியேறியவரைத் திருச்சபை பீடத்தில் ஏற்றியிருக்கிறது, அவர் விட்டுப் போன சபையும் தன் பணியைத் தொடர்ந்துகொண்டுதான் இருக்கிறது. பாட்டி உயிரோடு இருந்திருந்தால் இந்தக் கதையைக் கேட்டு, "மதுரையில சண்டை போட்டா ஊட்டியில குளுந்துடும்" என்று சொல்லியிருப்பாள் என்றாள் அக்கா.

கடைசியில் தான் படித்த குழந்தை இயேசு சபைக்கே போனாள். ஒரு வருடத்துக்கு மேல் அவர்களோடு இருந்தாள். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தாள், குறை சொல்ல முடியாதபடி. ஆனால் சாயங்காலமானால் மடத்தின் பின்கட்டில் படுத்திருந்த வயதான சிஸ்டர்களிடம் போய்விடுவாள். புண்ணுக்கு மருந்து போடுவது, நகம் வெட்டுவது, ஒரே கதையைப் பத்தாம் முறை கேட்பது. இதை அவளுக்குப் பயிற்சி கொடுத்த சிஸ்டர் மாதக்கணக்கில் கவனித்திருக்கிறார். ஒரு நாள் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்: "நீ நல்ல டீச்சர். ஆனால் வகுப்பிலிருந்து வரும்போது களைப்பாக வருகிறாய், பின்கட்டிலிருந்து வரும்போது தெம்பாக வருகிறாய். செராஸில் ஏழைகளின் சிறிய சகோதரிகள் முதியோர் இல்லம் நடத்துகிறார்கள். போய்ப் பார். அவர்களுக்கு நான் கடிதம் தருகிறேன்."

அந்தக் காலம் எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் இதன் கனம் புரியும். அயர்லாந்திலிருந்தும் பிரான்சிலிருந்தும் புதிதாக வருகிறவர்கள் நின்றுவிட்டார்கள். வெளிநாட்டு மறைபணியாளர்கள் இங்கே தங்கும் காலத்துக்கு அரசு வரம்பு வைத்திருந்தது. பள்ளிகள் தேசியப் பள்ளிகளாகிக்கொண்டிருந்தன. ஒரு மலேசியப் பெண், அதிலும் தமிழும் ஆங்கிலமும் மலாயும் பேசும் பெண், தங்கள் மடத்தில் நின்றால் பத்து வருடத்தில் ஒரு பள்ளியையே தாங்குவாள். அப்படிப்பட்டவளைக் கைப்பிடித்துப் பக்கத்துச் சபையின் வாசலில் கொண்டுபோய் விட்டார் அந்தச் சிஸ்டர். அவருடைய சபைக்கு அது நிச்சயம் இழப்புத்தான். தெரிந்தே செய்தார். நான் பார்த்தவற்றில் துறவற ஏழ்மை என்ற வார்த்தைப்பாட்டின் மிகப் பெரிய செயல் இதுதான் என்று எழுதுவதில் எனக்குத் தயக்கமில்லை.

சிறிய சகோதரிகளுக்குக் கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதலோடு விருந்தோம்பல் என்று நான்காவது வார்த்தைப்பாடும் உண்டு. 1839இல் பிரான்சின் கடற்கரை ஊர் ஒன்றில் ழான் ஜுகன் என்ற வேலைக்காரப் பெண் கண் தெரியாத ஒரு கிழவியைத் தூக்கிவந்து தன் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு, தான் வேறிடத்தில் படுத்துக்கொண்டதில் தொடங்கிய சபை. அவரையே பின்னால் ஓரங்கட்டிவிட்டு, தொடக்கியவர் வேறொருவர் என்று சொல்லிக்கொடுத்தார்கள். பல ஆண்டுகள் அவர் பெயர் தெரியாமல் மடத்தில் கிடந்து 1879இல் இறந்தார், 2009இல் புனிதர் பட்டம் பெற்றார். முதியவர்களுக்குச் சோறு போட அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனார். இன்றும் அவர்கள் அப்படித்தான் சந்தைக்குப் போய்க் கேட்டு வாங்குகிறார்கள்.

அப்பாவுக்கு இதுதான் தாங்கவில்லை. அக்கா அந்தச் சபையில் வார்த்தைப்பாடு கொடுத்துச் செராஸ் இல்லத்துக்கு வந்த பிறகு ஒரு தடவை நானும் அவரும் அங்கே போனோம். அதிகாலையில் அக்கா இன்னொரு சிஸ்டரோடு பசாருக்குக் கிளம்பினாள். அப்பா தானும் வருவதாகச் சொன்னார். சகதியும் மீன் தண்ணீருமாக ஈரத்தரை. வெள்ளை அங்கியின் ஓரத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறுகையில் கித்தான் பையோடு அக்கா கடை கடையாக நின்றாள். சீன மீன்காரர் தலையைத் தூக்காமலே கெம்போங் மீன்களை அள்ளி நாளிதழில் சுற்றிப் பைக்குள் போட்டார். கோழிக்கடைக்காரி கால்களும் ஈரலும் கொடுத்தாள். காய்கறிக்கடையில் இருந்த தமிழர் வாடிய கங்கோங் கட்டுகளை எடுத்துவிட்டு, பிறகு என்ன நினைத்தாரோ, அவற்றைக் கீழே வைத்துவிட்டுப் புதிய கட்டுகளைக் கொடுத்தார். ஒரு கடைக்காரன் கையை வீசிப் போகச் சொன்னான். அக்கா அவனுக்கும் நன்றி சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

"கை நீட்டவா ஒன்னைப் படிக்க வச்சேன்?" அப்பாவின் குரல் உடைந்திருந்தது. "இத்தனை வருசம் வெட்டிப் பொழைச்சோம், ஒருத்தன்கிட்ட ஒரு காசு கேட்டதில்ல."

"எனக்காகக் கேக்கலப்பா. உள்ள படுத்திருக்கிறவங்களுக்குக் கேட்க ஆளில்ல. அவங்கள்லயும் நெறையப் பேர் வெட்டிப் பொழைச்சவங்கதான்."

அப்பா ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். இல்லத்துக்குத் திரும்பியதும் தோட்டங்களில் வேலை செய்து முடித்துப் பிள்ளைகளால் கைவிடப்பட்ட மூன்று நான்கு கிழவர்களோடு உட்கார்ந்து, எந்தத் தோட்டம், எந்தக் கங்காணி என்று விசாரித்துக்கொண்டிருந்தார். இந்து, கிறிஸ்தவன், சீனன் என்ற கணக்கெல்லாம் அங்கே இல்லை. அதன் பிறகு ஒவ்வொரு தீபாவளி போனஸ் வரும்போதும் ஒரு மூட்டை அரிசி அந்த இல்லத்துக்குப் போனது.

அப்பா தஞ்சோங் மாலிமில்தான் இறந்தார். நோய் முற்றியபோது அக்காவையும் துணைக்கு ஒரு சிஸ்டரையும் அனுப்பி வைத்தார்கள். சாகக் கிடக்கிறவரைத் தனியே விடக்கூடாது என்பது அவர்களுடைய சபையின் பழக்கம். இரண்டு பேரும் மாற்றி மாற்றி இரவெல்லாம் படுக்கை அருகில் உட்கார்ந்திருந்தார்கள். சேதி கேட்டு, எனக்குப் பாடம் நடத்திய பிரதர், ஓய்வு பெற்ற வயதில், ஈப்போவிலிருந்து பஸ் பிடித்து வந்தார். அக்காவை விட்டுக்கொடுத்த கான்வென்ட் சிஸ்டரும் வந்தார். பங்குச் சாமியார் மறைமாவட்டக் குரு, தமிழர், எந்தச் சபையும் சாராதவர். அவர்தான் நோயில்பூசுதல் கொடுத்தார்.

துக்க வீட்டில் அவரவர் இயல்பு தெரிந்தது. பிரதர் நாற்காலி தூக்கிப்போட்டுக்கொண்டே தோட்டத்துப் பையன்களிடம் எந்தப் படிவம், கணக்கில் எத்தனை மார்க் என்று கேட்டுக்கொண்டிருந்தார். கான்வென்ட் சிஸ்டர் பின்பக்கம் பெண்களோடு குந்தி உட்கார்ந்து கோப்பிக் குவளை கழுவினார், எல்லாப் பிள்ளைகளின் பெயரும் ஒரு மணி நேரத்தில் அவருக்குத் தெரிந்துவிட்டது. அக்காவோடு வந்த சிறிய சகோதரி அம்மாவின் பக்கத்தை விட்டு அசையவில்லை. ஜெபமாலையை யார் சொல்வது என்று வந்தபோது பங்குச் சாமியார் உபதேசியாரின் மகனைக் கூப்பிட்டார். தமிழில் ஆரம்பித்தது. பிரதர் ஐந்து பத்துமணிகளில் ஒன்றை ஆங்கிலத்தில் சொன்னார். அக்காவோடு வந்த சிஸ்டர் சீனப் பெண், அடுத்ததை மாண்டரினில் சொன்னாள். ஆங்கிலம் மட்டும் பேச வேண்டும் என்ற அந்த மேசை எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது.

இப்போது அந்தப் பிரதரும் இல்லை, சிஸ்டரும் இல்லை. பள்ளிகளின் வாசலில் லசால் நட்சத்திரமும் கான்வென்ட் சின்னமும் இருக்கின்றன, உள்ளே அங்கி அணிந்தவர்கள் இல்லை. நாட்டில் மிஞ்சியிருக்கும் பிரதர்கள் வெகு சிலர், பெரும்பாலும் முதியவர்கள். ஆள் குறைந்துவிட்டது, எல்லாச் சபைகளையும் சேர்த்து ஒன்றாக்கிவிடலாமே என்று நல்லெண்ணத்தோடு சொல்கிறவர்கள் உண்டு. நான் ஒப்ப மாட்டேன். கட்டடத்தைச் சேர்ந்து பயன்படுத்தட்டும், பயிற்சியைச் சேர்ந்து நடத்தட்டும், அது வேறு. ஆனால் சந்தைக்குக் கை நீட்டப் போகிறவளும், பிள்ளையின் குறிப்பேட்டில் பென்சில் கோட்டைத் திருத்துகிறவனும், பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் குடிகாரனை அழ வைக்கிறவனும் ஒரே பயிற்சியில் வர மாட்டார்கள். எங்கள் ஒரு குடும்பத்துக்கே இத்தனை பேரும் வேண்டியிருந்தது.

தோட்டம் செம்பனையாகி, பிறகு வீடமைப்பாகிவிட்டது. நான் தமிழ்ப்பள்ளி வேலையிலிருந்து ஓய்வுபெற்று ஊரிலேயே இருக்கிறேன். சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்துக்குச் சபாவிலிருந்தும் சரவாக்கிலிருந்தும் படிக்க வருகிற பிள்ளைகள் இன்று ஞாயிறு திருப்பலியில் நிறைய. கடசான், ஈபான் பிள்ளைகள். பாட்டுக் குழுவே அவர்களுடையது. அவர்களில் ஒரு பெண், ஆசிரியைப் பயிற்சியில் இருக்கிறவள், போன வருடம் என்னிடம் வந்து, சிஸ்டராகப் போக ஆசை, எந்தச் சபைக்குப் போவது என்று கேட்டாள். நான் அவளுக்கு எந்தச் சபையின் பெயரும் சொல்லவில்லை. விடுமுறைகளில் ஒவ்வொரு மடமாகப் போய்த் தங்கச் சொன்னேன். எத்தனை மணிக்கு எழுகிறார்கள், பாத்திரம் யார் கழுவுகிறார்கள், மேசையில் எந்த மொழி பேசுகிறார்கள், உடல்நலம் குன்றிய சிஸ்டர்களை எந்த அறையில் வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துவரச் சொன்னேன். பிறகு அக்காவின் தொலைபேசி எண்ணைக் கொடுத்தேன்.

வாரம் ஒரு தடவை இருவரும் மலாயில் பேசிக்கொள்கிறார்கள். அவளுக்குச் சிரம்பானிலுள்ள கார்மேல் அடைப்பு மடத்தின் மேல் மனம் போகிறது போலிருக்கிறது, அக்கா விட்டுச் சொல்ல மாட்டேன் என்கிறாள். செராஸில் ஆள் இல்லாமல் திண்டாடுகிறீர்களே, அவளை அங்கே கூப்பிட்டுப் பார்த்தாயா என்று கேட்டேன். கேட்டதும் அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. கார்மேலுக்குக் கடிதம் எழுதியாகிவிட்டது, டிசம்பர் விடுமுறையில் ஒரு வாரம் தங்க இடம் கேட்டிருக்கிறேன், ரயில் டிக்கெட்டை மட்டும் நீ எடுத்துக் கொடு என்றாள்.